ஹோப்வெல் உலை: காட்டுக்குள் இருக்கும் பழைய இரும்பாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவுக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால் லிபர்ட்டி பெல், ஹெர்ஷி சாக்லேட், அப்படியே நயாகரா என்று ஒரு சுற்று அழைத்துப் போவது வழக்கம். அந்தப் பட்டியலில் ஹோப்வெல்லையும் சேர்க்கச் சொல்லி நான் பலரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொன்னவுடன் வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹோப்வெல் என்றால் என்ன? எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில், எல்வர்சன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1771 முதல் 1883 வரை, இடையிடையே சில இடைவெளிகளோடு, மரக்கரியில் எரிந்த ஒரு இரும்பு உலையும் அதைச் சுற்றி வாழ்ந்த கிராமமும்தான் ஹோப்வெல். இன்று அது தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் உள்ள வரலாற்றுத் தலம், பரப்பு 848 ஏக்கர். அதைச் சுற்றிலும் பிரெஞ்ச் கிரீக் மாநிலப் பூங்காவின் காடு.

உலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஹோப்வெல்லில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது. அந்த உலைக்கு உணவு போட்டது சுற்றியிருக்கும் காடு. மூச்சு கொடுத்தது ஓடைத் தண்ணீர். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றியிருப்பதால்தான் இந்த இடத்தை இவ்வளவு உயர்வாகச் சொல்கிறேன்.

இரும்பாலையைப் போய் ஏன் நடுக்காட்டில் கட்டினார்கள்?

மரக்கரி இல்லாமல் அந்தக் காலத்தில் இங்கே இரும்பு இல்லை. கரியை வெகுதூரம் வண்டியில் கொண்டுபோனால் குலுங்கிக் குலுங்கித் தூளாகிவிடும், தூள் கரி உலைக்கு உதவாது. தாதுவை வண்டியில் கொண்டுவரலாம், விளைந்த இரும்பை வண்டியில் அனுப்பலாம், ஆனால் கரி பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். அதனால் காடு எங்கேயோ உலையும் அங்கே. ஹோப்வெல்லில் காட்டோடு சேர்ந்து ஓடையும் இருந்தது, சில மைல் தூரத்தில் இரும்புத் தாதுச் சுரங்கங்கள் இருந்தன, சுண்ணாம்புக்கல்லும் அருகிலேயே கிடைத்தது.

ஆலை ஊரைத் தேடிப் போகவில்லை, ஆலையைத் தேடி ஊர் வந்தது. வேலையாட்களுக்கு வீடு, கொல்லன் பட்டறை, கடை, குதிரைக் கொட்டில், வயல், பிறகு பள்ளிக்கூடம் என்று எல்லாம் அதே இடத்தில் முளைத்தன. முதலாளி எல்லாவற்றையும் பார்க்கும்படி மேட்டில் ஒரு பெரிய வீடு கட்டிக்கொண்டார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று கீழே பார்த்தால் யார் எங்கே போகிறார் வருகிறார் என்பது முழுக்கத் தெரியும்.

தொடங்கியது யார்?

மார்க் பேர்ட். அவருடைய அப்பா வில்லியம் பேர்டும் இரும்புத் தொழில்காரர்தான். பக்கத்தில் இருக்கும் பேர்ட்ஸ்பரோ என்ற ஊர் அந்தக் குடும்பத்தின் பெயரில் அமைந்தது. அன்றைக்கு இந்தப் பகுதி பிரிட்டனின் காலனி. 1750-இல் பிரிட்டன் போட்ட இரும்புச் சட்டம், காலனிகள் கச்சா இரும்பு செய்து அனுப்பலாம், ஆனால் அதைத் தகடாகவும் எஃகாகவும் மாற்றும் புதிய ஆலைகளைக் கட்டக் கூடாது என்று சொன்னது. மூலப்பொருள் இங்கே, லாபம் அங்கே. நமக்குப் பழகிய கதைதான். இரும்பு முதலாளிகள் பலர் சுதந்திரப் போரின் பக்கம் சாய்ந்ததற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம்.

மார்க் பேர்ட் அதில் முழுமூச்சாக இறங்கினார். உள்ளூர்ப் படையில் கர்னலாக இருந்தார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் ராஸும் அவருக்குக் கொண்டான் கொடுத்தான் வழியில் மைத்துனர்கள். ஹோப்வெல் உலையில் அமெரிக்கக் கடற்படைக்காக 115 பீரங்கிகள் வார்த்ததாகப் பதிவு இருக்கிறது. குண்டுகளும் வார்த்தார்கள். வேலி ஃபோர்ஜில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை பசியோடு கிடந்த சமயத்தில் பேர்ட் ஆயிரம் பீப்பாய் மாவு அனுப்பிவைத்தார்.

அப்படியானால் போருக்குப் பிறகு நன்றாக வாழ்ந்திருப்பாரே?

இல்லை. புதிய அரசாங்கத்திடம் பணம் இல்லை. கொடுத்த பொருளுக்கு அவர் எதிர்பார்த்த தொகை கைக்கு வரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1780-களின் பிற்பகுதியில் சொத்து ஏலத்துக்குப் போக, அவர் வட கரோலினாவுக்குப் போய்விட்டார். பிறகு சில கைகள் மாறி, 1800-இல் டேனியல் பக்லியும் அவருடைய மைத்துனர்களான தாமஸ் புரூக், மேத்யூ புரூக் இருவரும் வாங்கினார்கள். 1808-இல் உலை அணைந்தது, 1816-இல் மறுபடி மூட்டினார்கள். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிர்வாகம் பார்த்தவர் கிளெமென்ட் புரூக். ஹோப்வெல்லின் நல்ல காலம் அதுதான்.

உலை எப்படி வேலை செய்தது? வேதியியல் தெரியாதவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முடியும். பத்து மீட்டர் உயரத்துக்குக் கல்லால் கட்டிய, மேலே போகப் போகக் குறுகும் ஒரு கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பானை வயிறு போல ஒரு குழி. மேலே வாய், கீழே அடுப்பு. உலையை ஒரு சரிவை ஒட்டிக் கட்டியிருப்பதால் மேட்டிலிருந்து நேராகப் பாலம் வழியாக வாய்க்கு நடந்து போகலாம், பொருளை மேலே தூக்க வேண்டிய சிரமம் இல்லை.

அரை மணிக்கு ஒரு முறை ஒரு ஆள் வந்து கொட்டுவார்: மரக்கரி 15 புஷல் (ஏறக்குறைய 500 லிட்டர் அளவு), தாது 180 முதல் 225 கிலோ, சுண்ணாம்புக்கல் 15 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இரவு பகல் என்று கிடையாது, மழை பனி என்று கிடையாது. வாயிலிருந்து தீ நாக்குகள் வந்துகொண்டிருக்கும், அதன் பக்கத்தில் நின்று கொட்ட வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். தாது என்பது ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. தனியான இரும்பு உருகி அடியில் தங்குகிறது. தாதுவில் கலந்திருந்த மண்ணும் மணலும் சுண்ணாம்போடு சேர்ந்து உருகி, இரும்பைவிட எடை குறைவாக இருப்பதால் மேலே மிதக்கிறது. அதுதான் கசடு. முதலில் கசடை வடித்துவிடுவார்கள். பிறகு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை அடியில் இருக்கும் களிமண் அடைப்பைக் குத்தித் திறப்பார்கள். உருகிய இரும்பு மணலில் வெட்டிய வாய்க்கால்களில் ஓடிக் கட்டிகளாக உறையும், அல்லது அகப்பையில் மொண்டு அச்சுகளில் ஊற்றுவார்கள்.

ஒரு முறை மூட்டினால் மாதக்கணக்கில் அணைக்க மாட்டார்கள். நடுவில் அணைந்தால் இரும்பு உள்ளேயே உறைந்து உலையே பாழாகிவிடும்.

காற்று எங்கிருந்து வந்தது?

சாதாரணமாக எரியும் கரியில் இரும்பு உருகாது. ஏறக்குறைய 1,500 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்குக் காற்றை அழுத்தி ஊத வேண்டும். நம் ஊர்க் கொல்லன் பட்டறைத் துருத்தியின் வேலையைத்தான் இங்கே 22 அடி விட்டமுள்ள நீர்ச்சக்கரம் செய்தது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் மரத்தாலான பெரிய தொட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறி இறங்கும் ஒரு தட்டு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் மாறி மாறித் தள்ளும் காற்று நடுவில் ஒரு பெட்டியில் சேர்ந்து, குழாய் வழியாக உலைக்குள் சீராகப் போகும்.

இந்த அமைப்பு இயங்கும்போது பக்கத்தில் நின்றுவிடுங்கள், அவசரப்பட்டு நகர வேண்டாம். சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும். மரம் முனகும், தண்ணீர் சொட்டும், பிறகு தொட்டிக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் வரும். தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களின் தடம் காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. நடைபாதையில் போகும்போது இடது வலதாகப் பாருங்கள், ஒரே மட்டத்தில் நீளமாகப் போகும் பள்ளம் தென்படும்.

கரி எப்படிச் செய்தார்கள்?

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அதே முறைதான், அளவு மட்டும் பெரியது.

குளிர்காலத்தில் மரம் வெட்டுவார்கள். வசந்தம் வந்ததும் கரி சுடுபவர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். 30, 40 அடி அகலத்துக்கு வட்டமாகத் தரையைச் சமன்செய்து, நடுவில் புகைபோக்கி விட்டு, விறகைச் செங்குத்தாகச் சாய்த்துச் சாய்த்துக் கும்பாரமாக அடுக்குவார்கள். இடுக்குகளில் சிறு விறகைச் செருகி, மேலே இலைதழை போட்டு, அதற்கு மேல் மண்ணும் கரித்தூளும் பூசி மூடி, நடுவில் நெருப்பு வைப்பார்கள். பத்து முதல் பதினான்கு நாள் அது புகைய வேண்டும். எரியக் கூடாது, புகைய மட்டும் வேண்டும், இதில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது. எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று உள்ளே போய்விட்டால் கரி ஆவதற்குப் பதில் எல்லாம் சாம்பல்.

அதனால் கரி சுடுபவர் மூட்டத்தின் மேலேயே ஏறி நடந்து, காலால் மிதித்துப் பார்ப்பார். எங்கே கால் அமுங்குகிறதோ அங்கே உள்ளே வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே திறந்து விறகு நிரப்பி மூட வேண்டும். கீழே நெருப்பு, மேலே மனிதன். ஒரே சமயத்தில் பல மூட்டங்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் தூக்கமும் துண்டு துண்டாகத்தான். கம்புகளைக் கூம்பாக நட்டு, இலையும் புல்கரணையும் போட்டு மூடிய சிறு குடிசையில் மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். அப்படி ஒரு குடிசையும் மூட்டமும் மாதிரிக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள், கால் நீட்டிப் படுக்கத்தான் இடம் இருக்கும்.

பக்குவமான கரியை வாரி, வண்டியில் ஏற்றி, ஆறவைக்கும் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே ஒரு கங்கு ஒளிந்திருந்தாலும் போதும், வண்டியே பற்றிக்கொள்ளும்.

அப்படியானால் காடு மொத்தமும் அழிந்திருக்குமே?

கணக்கைப் பாருங்கள். உலை ஒரு நாளைக்குத் தின்ற கரி ஏறக்குறைய 800 புஷல். அதற்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் காடு. ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர்! முதலாளிகளிடம் ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு இருந்தது. வெட்டிய இடத்தில் அடிமரம் துளிர்த்து மறுபடி வளர இருபது முப்பது ஆண்டு ஆகும், அதற்குள் அடுத்த பகுதியை வெட்டிக்கொண்டே போவார்கள்.

இன்றைக்கு நீங்கள் பார்க்கும் அடர்ந்த காடு பழைய காடு இல்லை, கோடரி ஓய்ந்த பிறகு வளர்ந்தது. இதற்குச் சாட்சி அங்கேயே இருக்கிறது. நடைபாதைக்கு ஓரமாகச் சரிவில் திடீரென்று வட்டமாக, சமதளமாக ஒரு இடம் வரும். மேலே கிடக்கும் சருகைக் காலால் லேசாக விலக்கினால் போதும், மண் கன்னங்கரேலென்று இருக்கும். அதுதான் பழைய கரிமூட்டத் திட்டு. இதுபோல் எத்தனையோ திட்டுகள் இந்தக் காட்டில் சிதறிக் கிடக்கின்றன. எனக்குப் பீரங்கியைவிட இதுதான் பெரிய அதிசயம். பார்த்துவிட்டுச் சருகை மறுபடி மூடிவிடுங்கள், தோண்டாதீர்கள்.

பீரங்கி தவிர வேறு என்ன செய்தார்கள்?

பீரங்கிக் காலம் குறுகியது. ஹோப்வெல்லுக்குச் சோறு போட்டது அடுப்புதான். குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. அதுவரை சுவரோரக் கணப்பில் விறகு எரிப்பார்கள், பாதிச் சூடு புகையோடு மேலே போய்விடும். தகடுகளாக வார்த்துப் பொருத்திய அடுப்பு வந்ததும் அதே விறகில் அறை முழுக்கச் சூடானது. 1820, 1830-களில் ஹோப்வெல் அடுப்புகள் பிலடெல்பியா போன்ற நகரங்களுக்கு வண்டி வண்டியாகப் போயின. பானை, சட்டி, எடைக்கல், இயந்திர உதிரிப் பாகங்கள் என்றும் வார்த்தார்கள்.

அடுப்புத் தகடுகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பூவேலைப்பாடும் கொடியும் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். மர அச்சை ஈர மணலில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றிச் செய்தது. மணல் வார்ப்பில் இவ்வளவு கூர்மை வருமா என்று கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் வேலை பார்த்த ஒரு பெரியவர் தகட்டை விட்டு நகராமல் நின்று பார்த்தார். இந்த வார்ப்பாளர்களுக்குத்தான் ஆலையிலேயே நல்ல கூலி, செய்த உருப்படிக் கணக்கில் கொடுத்தார்கள்.

வேலை செய்தவர்கள் யார்? அடிமைகள் இருந்தார்களா?

இருந்தார்கள். சுதந்திரத்துக்காக மாவும் பீரங்கியும் கொடுத்த அதே மார்க் பேர்ட்தான் பெர்க்ஸ் மாவட்டத்திலேயே அதிகம் அடிமைகளை வைத்திருந்தவர். பென்சில்வேனியா 1780-இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களை விடுவிக்கவில்லை. பிறகு பிறந்த பிள்ளைகளும் 28 வயது வரை உழைத்துக் கொடுக்க வேண்டும் என்றது. ஹோப்வெல்லுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களையும் முதல் கட்டடங்களையும் பார்க்கும்போது இந்த மனிதர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

புரூக் காலத்தில் கூலி கொடுத்து வேலை வாங்கினார்கள். கறுப்பின மக்களும் கூலிக்கு வேலை பார்த்திருக்கிறார்கள், தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களில் உண்டு. பெண்கள் சிலரும் ஆலைக் கணக்கில் வருகிறார்கள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், ஆலையின் கணக்குப் புத்தகங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. யார் எத்தனை கட்டு விறகு வெட்டினார், கடையில் என்ன துணி எடுத்தார், எவ்வளவு மாவு வாங்கினார் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். காசு கையில் புரள்வது குறைவு. கூலியை வரவில் எழுதி, கடைச் சாமானைப் பற்றில் எழுதி நேர்செய்தார்கள். நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதன் கசப்பு சொல்லாமலே தெரியும்.

ஏன் மூடினார்கள்?

காலம் மாறியது. நிலக்கரியிலும், நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் என்ற எரிபொருளிலும் எரியும் பெரிய உலைகள் வந்தன. காற்றைச் சூடாக்கி ஊதும் முறை வந்தது. ரயில் வந்ததும் காட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் இரும்புக்கு இல்லை. நகரத்துப் பட்டறைகள் கச்சா இரும்பை வாங்கி அங்கேயே உருக்கி அடுப்பு வார்க்கத் தொடங்கின. 1844-இல் ஹோப்வெல் அடுப்பு வார்ப்பதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கச்சா இரும்புக் கட்டி மட்டும்தான். 1853-இல் நிலக்கரி உலை ஒன்றையும் கட்டிப் பார்த்தார்கள், சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். உள்நாட்டுப் போர் கொஞ்ச நாள் உயிர் கொடுத்தது. 1883 கோடையில் கடைசியாக அணைத்தார்கள்.

பாழடையாமல் எப்படித் தப்பியது?

பாதி தற்செயல். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை தர அரசு காடு வளர்ப்பு முகாம்கள் நடத்தியது. மக்கள் பொழுதுபோக்குக்கு ஒரு பூங்கா அமைக்கத்தான் 1935-இல் இந்த நிலத்தைப் புரூக் குடும்பத்திடமிருந்து வாங்கினார்கள். வேலை தொடங்கியபோதுதான், புதருக்குள் நிற்பது வெறும் கற்குவியல் இல்லை, ஒரு முழு இரும்புக் கிராமம் என்று அதிகாரிகளுக்கு உறைத்தது. அந்த இளைஞர்களே கட்டடங்களைச் செப்பனிட்டார்கள். 1938 ஆகஸ்ட் 3 அன்று தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். 1946-இல் பெரும்பகுதிக் காடு மாநிலப் பூங்காவுக்குப் போனது. ஹோப்வெல் கிராமம் என்றிருந்த பெயரை 1985-இல் ஹோப்வெல் உலை என்று மாற்றினார்கள்.

இப்போது பார்ப்பதில் எது அசல், எது புதிதாகக் கட்டியது?

உலையின் கல் கோபுரம், பெரிய வீடு, தொழிலாளர் வீடுகளில் சில, கொல்லன் பட்டறை ஆகியவை பழையவை, பழுது பார்த்தவை. நீர்ச்சக்கரமும் உலைக்கு முன்னால் இருக்கும் வார்ப்புக் கொட்டகையும் மறுபடி கட்டியவை. 1820 முதல் 1840 வரை கிராமம் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்தைக் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். மரச் சக்கரம் தண்ணீரில் எத்தனை காலம் தாங்கும்? ஓடாத சக்கரத்தை அசல் என்று வைத்துக் கும்பிடுவதைவிட, ஓடும் சக்கரத்தைப் புதிதாகச் செய்து வைத்ததே சரி என்பது என் கட்சி. 1853-இல் கட்டித் தோற்ற உலையின் மிச்சத்தையோ அப்படியே இடிபாடாக விட்டிருக்கிறார்கள். அதுவும் சரிதான்.

இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

ஹோப்வெல் கொழித்த அதே காலத்தில், 1830 வாக்கில், பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பிய முறையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் தாது, மரக்கரி. அங்கேயும் கரிக்குக் காடு கிடைக்காமல் போனது ஒரு பெரிய தலைவலி, கம்பெனி நஷ்டத்தில் முடிந்தது. ஹோப்வெல் போல முழுக் கிராமமாக அது நமக்கு மிஞ்சவில்லை. ஹோப்வெல்லில் நிற்கும்போது எனக்கு அந்த ஏக்கம் வரத்தான் செய்கிறது.

குழந்தைகளோடு போகலாமா? எப்போது போவது நல்லது?

தாராளமாக. நுழைவுக் கட்டணம் இல்லை. கோடையில் பழைய கால உடையில் ஆட்கள் வேலை செய்து காட்டுவார்கள், மணல் அச்சில் வார்ப்பதையும் பார்க்கலாம். இலையுதிர்காலத்தில் அங்கேயே இருக்கும் பழத்தோட்டத்தில் ஆப்பிள் பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பழைய வகை ஆப்பிள்கள், கடையில் கிடைக்காத புளிப்பு. எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியில் கைக்குழந்தை இருந்தால் வரவேற்பு மையத்திலிருந்து கிராமத்துக்கு இறங்கும் சரிவில் கவனம், திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும்.

கீழே கிடக்கும் நீல, பச்சைக் கற்களை எடுத்துக்கொள்ளலாமா?

குழந்தைகள் முதலில் கேட்பது இதைத்தான். அவை கல் இல்லை, உலையிலிருந்து வடித்த கசடு. கண்ணாடி போல உறைந்து, நீலமும் பச்சையும் சாம்பலுமாக வெயிலில் மின்னும். சிலவற்றில் கொதித்த குமிழிகள் அப்படியே நின்றிருக்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம், ஓரம் கூர்மையாக இருக்கும், ஜாக்கிரதை. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பாதுகாக்கப்பட்ட தலத்தில் அது சட்டப்படி குற்றம். ஒரு படம் எடுத்துக்கொண்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கிராமத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம். ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள். மதிய உணவைக் கட்டிக்கொண்டு போனால் நல்லது, உள்ளே உணவகம் கிடையாது. சாப்பிட்டுவிட்டு பாப்டிசம் கிரீக் பக்கம் போகும் நடைபாதையில் பெதஸ்டா தேவாலயம் வரை நடந்து வாருங்கள். கரிமூட்டத் திட்டுகளைத் தேட அதுபோன்ற பாதைகள்தான் தோது. இலை உதிர்ந்த பிறகு போனால் தரையின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். கோடையில் போகிறவர்கள் உண்ணிக்குப் பயந்து முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.